கூரைக் காகங்களுக்கு எழுபது யூனிட்

குவோப்பியோ,
ஜூன் முதல் வியாழன்

அன்புள்ள சைமிக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், முழங்கால் சுமார், பால்கனித் தொட்டியில் போட்ட சதகுப்பைக் கீரை முளைத்துவிட்டது, ஏரியில் படகுகள் இறங்கிவிட்டன, ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போக மாட்டேன் என்கிறது. நீயும் அங்கே வெலிங்டனில் சுகம் என்று போனில் சொல்கிறாய், ஆனால் பல் ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களும் வாயைத் திறக்கும்வரை சுகம் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் உண்மையைக் கடிதத்தில் எழுது, அந்த வீட்டு ஜன்னலில் காற்று நுழைகிறதா, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா, இரண்டையும் எழுது. இதை ஏன் போனில் கேட்காமல் எழுதுகிறேன் என்றால் இந்த முறை சொல்ல வேண்டிய சங்கதி கொஞ்சம் நீளம், போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன், முக்கியமான பாகம் சொல்லாமலே போய்விடும்.

சங்கதி இதுதான். நம் கட்டிடத்துச் சவுனாவை, எல்லாருக்கும் பொதுவான அந்த நீராவிக் குளியல் அறையை, ஒரேயடியாக மூடிவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தப் பார்த்தார்கள், அதோடு என் வெள்ளிக்கிழமை ஏழு மணிக் குளியல் முறையும் போகப் பார்த்தது. அந்த முறைக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். உன் அப்பா என்னைப் பிரிந்து ஓவ்லு ஊருக்குப் போனபோது மோட்டார் படகையும் காப்பி மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு நமக்கு இருந்தது செவ்வாய் ஐந்து மணி, வேலைக்குப் போகிற மனுஷி வீட்டுக்கே வந்து சேராத நேரம். வெள்ளி ஏழு மணி என்பது இந்தக் கட்டிடத்தில் ஒருவர் செத்தாலோ ஸ்பெயினுக்குக் குடிபோனாலோதான் கைமாறும். மூன்றாம் மாடிக்காரர்கள் ஸ்பெயினுக்குக் கிளம்பியபோது அவர்கள் சோபா இன்னும் மாடிப்படியில் சிக்கிக்கொண்டிருந்தது, நான் அதன் மேல் ஏறிக் குதித்துப் போய் அந்த முறையைக் கேட்டு வாங்கினேன். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் விடுதலை. சூடான கல் மேல் ஒரு கரண்டி தண்ணீர், அது உஸ்ஸென்று எழும்பி முதுகில் வந்து உட்காரும், அப்புறம் முற்றத்துப் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்து ஒரு பீர், தோளிலிருந்து ஆவி போகும், ஆறு மணி முறைக்காரி ஐலா பக்கத்தில் உட்கார்ந்து கட்டிடத்துச் செய்தி முழுவதும் வாசிப்பாள். ரேடியோவில் இவ்வளவு வராது.

மூட வேண்டும் என்று கிளம்பியவர் எஸ்கோ. உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நாலாம் மாடி, நகராட்சியில் நில அளவை வேலை, கதவு நிலையில் குனிந்து வருகிற உயரம், பேச்சு மட்டும் ரேஷன். போன இலையுதிர்காலத்தில் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் ஆனார், அதாவது மற்றவர்கள் எல்லாரும் குனிந்து காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர் நிமிர்ந்திருந்தார், பதவி தலையில் விழுந்தது. அன்று முதல் மாடிப்படியில் அறிவிப்பு மேல் அறிவிப்பு. முதல் அறிவிப்பு, போன் சார்ஜரை வேலை முடிந்ததும் பிடுங்கி வைக்கவும், சக்தியைச் சேமிக்கவும். பிடுங்கினோம். அடுத்தது, படிக்கட்டு விளக்கை வீணாக எரிய விடாதீர்கள். இருட்டில் தடவிக்கொண்டு ஏறினோம், நான் இரண்டாம் மாடிக்காரர் கதவில் சாவியைப் போட்டு, அவர் வீட்டு நாயிடம் திட்டு வாங்கினேன். மூன்றாவதுதான் இடி. மே மாதக் கூட்டத்தில் சவுனாவை மூடும் தீர்மானம் வரும் என்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். ஐலா மூச்சு வாங்க வந்து நின்றாள். "மெர்வி, அந்த நெட்டக்கொக்கு ஒட்டியிருக்கிறதப் பாத்தியாடி? இனிமே பாத்திரம் கழுவுற தொட்டியில உக்காந்துதான் குளிக்கணும் போல. எனக்காவது பரவால்ல, நான் குள்ளம். நீ எங்க உக்காருவ?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே நாலாம் மாடி ஏறியிருப்பேன், முழங்கால்தான் தடுத்தது. உட்கார்ந்து யோசித்தபோதுதான் கிறிஸ்துமஸ் சமயம் நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. சார்ஜரைப் பிடுங்க மறந்து ஊருக்குப் போய்விட்டேன் என்று நான் புலம்பினேன், நீ சிரித்துவிட்டு, "கணக்க உத்தேசமாப் போடும்மா, சரியா இருக்கணும்னு இல்ல, பத்து மடங்கு தப்பாம இருந்தா போதும், எது யானை எது எறும்புன்னு தெரிஞ்சா போதும்" என்றாய். சரி, யானை எது என்று நானும் பார்க்கிறேன் என்று பென்சிலை எடுத்தேன். சும்மா சொருகியிருக்கிற சார்ஜர் குடிப்பது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. வருஷம் முழுக்க அப்படியே கிடந்தாலும் ஒரு யூனிட்டைத் தொடுவதில்லை. ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஆகும் செலவு, அவ்வளவுதான்! வீட்டுக்கு நாலு சார்ஜர் என்று வைத்தாலும் கட்டிடம் மொத்தத்துக்கும் நூறு, வருஷத்துக்குத் தொண்ணூறு யூனிட். அடுத்து என் குளியல். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர், கால் மணி நேரம், உன் அம்மா அதற்குக் குறைந்து வெளியே வந்ததில்லை, நூற்றைம்பது லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த குழாயிலிருந்து முப்பது டிகிரி ஏற்ற வேண்டும், போட்டுப் பார்த்தால் ஐந்து யூனிட். அது மின்சாரம் இல்லை, ஊர் வெந்நீர்க் குழாயில் வருகிற சூடு, ஆனாலும் சூடு சூடுதான். நான் ஒரு தடவை தலை குளித்தால் ஐந்து சார்ஜர் ஒரு வருஷம் சொருகியிருந்ததற்குச் சமம்! கதவைப் பூட்டிக்கொண்டு வெட்கப்பட்டேன்.

அப்புறம் சவுனாவுக்கு வந்தேன், வந்திருக்கக் கூடாது. கல்லடுப்பு பத்தாயிரம் வாட். குளிர்ந்த கல்லைச் சூடேற்றவே ஒரு மணி நேரம், பத்து யூனிட். சூடான பிறகு பாதி நேரம் எரியும், பாதி நேரம் அணையும், மணிக்கு ஐந்து யூனிட். ஒரு மாலைக்கு மூன்று முறை, ஆக இருபத்தைந்து யூனிட். வாரத்துக்கு ஐந்து மாலை, நூற்றிருபத்தைந்து. நூறு சார்ஜரும் வருஷம் பூராவும் குடிப்பதை நாம் ஒரே வாரத்தில் வேர்த்துத் தள்ளிவிடுகிறோம், மிச்சமும் வைக்கிறோம். தட்டில் இருந்த ரொட்டியைத் தள்ளி வைத்தேன். ஐலா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னடி சொல்லுது கணக்கு?" என்றாள். அந்த ஆள் பக்கம் சாய்கிறது என்றேன். "அப்போ தப்பாப் போடுடி!" என்றாள். அவளுக்கு எல்லாமே சுலபம். எனக்கோ இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. பொய் சொல்லி சவுனாவைக் காப்பாற்றினால் அங்கே உட்கார்ந்து வேர்க்கும்போது வேறு காரணத்துக்கும் சேர்த்து வேர்க்குமே.

கூட்டம் நடக்கிற அன்று காலையில், மே மாதத்தில், பனி கொட்டியது. கொட்டும் என்று தெரியும், ஒவ்வொரு வருஷமும் கொட்டும், ஒவ்வொரு வருஷமும் யாரோ பனிக்கால டயரைக் கழற்றிக் காருக்குக் கோடை டயர் மாட்டியிருப்பார்கள், இந்த வருஷம் நான். பஸ்ஸுக்குப் போகலாம் என்று முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எதிர்க் கட்டிடத்தின் கூரை விளிம்பு வரை வெள்ளை, நம் கூரையில் மட்டும் விளிம்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை, கூரைத் தண்ணீர் வடிகிற பீலியிலிருந்து ஆவி. ஆவிக்குள்ளே வரிசையாகக் காகங்கள், கழுத்து சாம்பல் நிறமாக இருக்குமே அந்தச் சின்னக் காகங்கள், ஒரு இருபது இருக்கும், பீலியோரத்தில் வயிற்றை அமுக்கிக்கொண்டு இறக்கையைக் கொஞ்சம் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், வெள்ளி ஏழு மணிக்கு நான் உட்காருவது அப்படியேதான். சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் உறைத்தது. குளிர்காலத்தில் பீலி உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு சூட்டுக் கம்பி ஓடுகிறதே, அது இன்னும் எரிகிறது! ஏப்ரல் நடுவிலேயே பனி கரைந்து போய்விட்டது, மூன்று வாரமாக வெறும் பீலியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து அளந்தேன். கட்டிடத்தைச் சுற்றி விளிம்பும் இறங்கு குழாய்களும் சேர்த்து நூற்றைம்பது மீட்டர், மீட்டருக்கு இருபது வாட், மூவாயிரம் வாட், இருபத்துநாலு மணி நேரமும். ஒரு நாளைக்கு எழுபது யூனிட்! கிட்டத்தட்ட மூன்று சவுனா மாலை, தினமும், காகங்களுக்கு மட்டும். நூறு சார்ஜரின் வருஷக் கணக்கு இந்தக் கூரைக்கு ஒன்றேகால் நாள். மூன்று வாரத்தில் போனது நம் மூன்று மாத சவுனா. யானை கூரை மேல் படுத்திருந்தது கண்ணு, நாங்கள் கீழே எறும்பைத் துரத்திக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனேன், அன்று என் நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரிடமும் சொன்னேன், வாயில் கருவி இருந்ததால் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

கூட்டம் கீழ்த்தளத்து அறையில். காப்பி, ஏலக்காய் பன், வருஷத்துக்கொரு முறை மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கிற முகங்கள். தீர்மானம் வந்ததும் நான் எழுந்தேன். நல்ல ப்ளவுஸ் போட்டுக்கொண்டு போயிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜரிலிருந்து ஆரம்பித்துக் குளியல் வழியாகக் கூரைக்கு ஏறினேன், காகம் உட்கார்ந்த மாதிரி இறக்கை விரித்தும் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், "தலைவர் எங்க சார்ஜர பிடுங்கச் சொல்லிட்டு மேல காக்காய்க்கு சவுனா போட்டு வச்சிருக்கார், அதுங்க முறைய எந்தக் கூட்டத்துல பாஸ் பண்ணினீங்க?" என்று கேட்டுவிட்டு வெற்றியோடு உட்கார்ந்தேன். எஸ்கோ எழுந்தார். முகத்தில் ஒரு சலனமில்லை. "பிப்ரவரில கூரையிலிருந்து ஐஸ் விழுந்து உங்க சைக்கிள் சீட்டு ரெண்டாப் பொளந்துச்சு. வாசல்ல என்ன நிறுத்தி வச்சு, நான் வந்து சொல்ற வரைக்கும் அந்தக் கம்பிய அணைச்சீங்கன்னா உங்களயே கூரையில ஏத்திச் சுரண்ட விடுவேன்னீங்க," என்றார். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னும் நீங்க வந்து சொல்லல."

அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஐலாவுக்குப் புரையேறி நாலு பேர் முதுகில் தட்டினார்கள். எனக்குக் காது வரை சிவந்தது, ஏனென்றால் சொன்னது உண்மை, ஒரு எழுத்துக்கூட மாறாமல் அப்படியேதான் கத்தினேன். அதைவிட என்னை ஆட்டியது வேறு. இந்த மனுஷன் நான் ஒரு வார்த்தை சொன்னேன் என்று வசந்தம் வந்த பிறகும் காத்திருந்திருக்கிறார். உன் அப்பாவிடம் பால் வாங்கி வாருங்கள் என்று ஒரே நாளில் மூன்று தடவை சொல்ல வேண்டும். நான் எழுந்து, "எஸ்கோ, இப்போ சொல்றேன், அணைச்சிடுங்க," என்றேன். "சரிங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஸ்விட்ச் அறைக்குப் போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார், அடுத்த பொருள் என்றார்.

சவுனா பிழைத்தது, கை தூக்காதவர் ஒருத்தருமில்லை. ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை. மெர்வி சொன்ன கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தார். குளிர்ந்த கல்லைச் சூடேற்றத்தான் பத்து யூனிட், அதை வாரத்துக்கு ஐந்து தடவை செய்கிறோம், ஒரே மூச்சாக வெள்ளியும் சனியும் மட்டும் ஐந்தைந்து முறை ஓட்டினால் மாலைக்கு முப்பத்தைந்து, இரண்டு நாளுக்கு எழுபது, நூற்றிருபத்தைந்திலிருந்து எழுபதுக்கு வந்துவிடலாம். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன், மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன், மூடிக்கொண்டேன், சரியாக இருந்தது. ஒரே சிக்கல், இருந்தது பதினைந்து முறை, இனி பத்து, அதனால் சிலர் ஜோடி சேர்ந்து ஒரே முறையைப் பங்கிட வேண்டும். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவரவர் ஷூவைப் படிக்க ஆரம்பித்தார்கள். வரியைப் பங்கிடச் சொல், பங்கிடுவார்கள், சவுனா முறையைப் பங்கிடு என்று நம் ஊரில் சொல்லிப் பார். ஐலா தன் தங்கையோடு சேர்ந்துகொண்டாள், இரண்டாம் மாடிக்காரர் எதிர் வீட்டுக்காரரோடு. புதன்கிழமை முறை இருந்த எஸ்கோவுக்கு மட்டும் ஜோடி இல்லை. தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? அவர் சுவரைப் பார்த்து, "நான் வீட்டுலயே குளிச்சுக்கிறேன்," என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "என் வெள்ளிக்கிழம ஏழு மணியில இடம் இருக்கு," என்று யாரோ சொன்னார்கள், பார்த்தால் நான். ஐலாவின் காப்பி மேசைத் துணியில் போனது.

மீதியைச் சொல்வதற்கு முன் உன் விஷயம் ஒன்றைப் பேசிவிடுகிறேன், நான் இழுத்தடிக்கிறேன் என்று நினைக்காதே, இழுத்தடிக்கத்தான் செய்கிறேன். பென்சில் கையில் இருந்த அதே சூட்டில் நீ ஊருக்கு வந்து போகிற விமானத்தையும் போட்டுப் பார்த்தேன். முப்பத்துநாலாயிரம் கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு ஆளுக்கு முப்பது யூனிட், பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல் வருகிறது. இந்தக் கட்டிடம் பழைய கணக்குப்படி ஒன்றரை வருஷம் வேர்த்துத் தீர்க்கிற சூடு அது. நீ அங்கே தேநீர்க் கெட்டிலை இரண்டு தடவை போட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டதாகச் சொன்னாய், ஒரு கெட்டில் கொதிக்க யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான், கெட்டிலுக்காக வருத்தப்படாதே, குளிரில் தேநீர் குடி. ஆனால் வருகிற வருஷம் வரும்போது பத்து நாள் லீவில் ஓடி வந்து ஓடிப் போகாதே. நீ வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை, ஒரு தடவை வா, கோடை முழுக்க இரு, இரண்டு வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சாகப் பேசி முடிப்போம், கல்லைத் திரும்பத் திரும்பச் சூடேற்றுவதுதான் செலவு என்று எஸ்கோ சொன்னது இதற்கும் பொருந்தும். வீட்டுக்குள் குளிராக இருந்தால் அறையைச் சூடாக்கப் பார்க்காதே, உன்னைச் சூடாக்கிக்கொள், நான் அனுப்பிய கம்பளி மேல்சட்டை அலமாரியில் இருப்பதற்காகப் பின்னவில்லை. ஐலாவின் மகள் பல் மருத்துவர் ஒருவரோடு பழகிக்கொண்டிருக்கிறாள், எங்கள் ஆஸ்பத்திரி இல்லை, அதனால் எனக்கு இன்னும் முழு விவரம் தெரியாது.

சரி, வெள்ளிக்கிழமை. சவுனா கதவில் புது அட்டவணை, ஏழு மணிக் கட்டத்தில் மெர்வி, எஸ்கோ என்று இரண்டு பெயரும் ஒன்றாக. அந்த அட்டவணையைப் பார்க்கக் கட்டிடத்தில் இல்லாதவர்களும் வந்தார்கள் என்று நினைக்கிறேன். முதல் வாரம் பாதியாகப் பிரித்துக்கொண்டோம், எனக்கு முதல் அரை மணி, அவருக்கு அடுத்த அரை மணி. ஏழரைக்குக் கதவில் இரண்டு தட்டு, அதற்கு ஒரு நொடி முன்னுமில்லை பின்னுமில்லை. நான் பெஞ்சில் போய் உட்கார்ந்து பீரைப் பாதி குடித்திருப்பேன், அவரும் வெளியே வந்தார், பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார், முகம் தக்காளி. "காக்காய்ங்க இப்போ எங்க போயிருக்கும்?" என்று கேட்டார். அந்த ஆள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது, நான் பதில் சொல்ல மறந்து சிரித்தேன், அவரும் சிரித்தார், பற்கள் நல்ல வரிசை, நான் பார்க்காமல் இருக்க முடியுமா. அடுத்த வாரம் மீன் வைத்துச் சுட்ட கறுப்பு ரை மாவு ரொட்டி ஒன்று கொண்டு வந்தார், தானே செய்தாராம், உப்பு கொஞ்சம் தூக்கல், நான் சொல்லவில்லை. போன வெள்ளி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் கிடந்த என் பீர் மூடியை நேராக்கி வைத்தார். அப்புறம், "மெர்வி, ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன். பாதி பாதியாப் போறதால நடுவுல கதவு ஒரு தடவ கூடுதலாத் திறக்குது. உள்ள இருக்கிற சூடெல்லாம் வெளிய போயிடுது. ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா அது மிச்சம். துண்டு கட்டிக்கிட்டுத்தான்," என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். வந்ததும் பென்சிலை எடுத்தேன். சவுனா அறைக்குள் இருக்கிற காற்று பத்துக் கிலோ இருக்கும், அத்தனையும் வெளியே போனாலும் திரும்ப அறுபது டிகிரி ஏற்ற யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு ஆகும். ஒரு கெட்டில் தண்ணீர், சைமி. ஒரே ஒரு கெட்டில்.

நில அளவைக்காரருக்கு அந்தப் பெருக்கல் தெரியாமலா இருக்கும். நேற்று மாடிப்படியில் பார்த்தபோது, நீங்க சொன்னது சரிதான், சூட்ட வீணாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தலையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு போனார். நாளைக்கு வெள்ளி.

நீ சிரிக்கிறாய் என்று தெரியும், சிரி, ஆனால் சிரித்து முடித்ததும் உனக்கு இதில் மனவருத்தம் உண்டா இல்லையா என்று ஒளிக்காமல் எழுது, நீ சொல்வது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. நல்ல சம்பளமும் நல்ல தூக்கமும் உனக்கு நிறையட்டும், உன் பக்கத்தில் இருக்கிறவர்கள் உன்னைப் போலவே நல்லவர்களாக இருக்கட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இரு கண்ணு. பல் டாக்டரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது, மறக்காதே, என் பெயரைக் கெடுக்காதே. அப்பாவிடம் பேசினால் இதைச் சொல்ல வேண்டாம், ஐலா எப்படியும் சொல்லிவிடுவாள்.

அன்பு முத்தங்களோடு, இன்று மட்டும் ஐந்து நிமிஷத்தில் குளித்து முடித்த
உன் அம்மா
மெர்வி